நிற்கிற வாகனத்தின் கறள்

எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் யுத்த தாங்கிகளைச் சில்லு எண்ணித்தான் பிரிப்பார்கள். ஆறு சில்லு என்றால் 1987இல் இந்தியன் ஆமியோடு வந்த ரி-72. ஐந்து சில்லு என்றால் ரி-55, இலங்கை இராணுவத்தினுடையது. அந்த ஐந்திலும் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் மட்டும் இடைவெளி கொஞ்சம் கூட இருக்கும். அதைக் கவனித்தவர்கள் குறைவு. நெல்லியடிச் சந்தியிலிருந்து கொடிகாமம் வீதியால் கொஞ்சத் தூரம் போனால் ஒரு கராஜ் வரும். அதன் பின்னறையில், மேசையில் நின்ற ஒரு சாண் நீளத் தாங்கியைக் காட்டி, "இந்த இடைவெளியைப் பாருங்கோ" என்று அந்த இளைஞர் சொன்னபோது பக்கத்தில் நின்ற அவருடைய மாமா சிரித்தார்.

"உதை அளந்துகொண்டு நிக்க அப்ப ஆருக்கு நேரம் இருந்தது?"

மாமாவுக்குத் தொழில் வாகனங்களுக்கு ரிங்கரிங் செய்து பெயின்ற் அடிப்பது. மருமகன் பகலில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார், இரவில் பிளாஸ்ரிக் தாங்கி செய்கிறார். இருவரும் பெயர் போட வேண்டாம் என்றார்கள். தாங்கி செய்கிற ஆள் என்று பெயரெடுக்க இந்த ஊரில் ஒருவரும் ஆசைப்படமாட்டார்கள். 1987 மே கடைசியில் வடமராட்சிக்குள் இலங்கை இராணுவத்தின் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' வந்தது. அதே வருடம் யூலை 5ஆம் திகதி, நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாமுக்குள் வெடிமருந்து ஏற்றிய லொறியைப் புலிகளின் கப்டன் மில்லர் ஓட்டிச்சென்றார். நெல்லியடி என்றதும் வெளியூர்க்காரர் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு வாகனம்தான். அந்த ஊரில் வாகனங்களைச் சின்னதாகச் செய்து பார்க்கிறார் ஒருவர் என்று கேள்விப்பட்டபோது, விளையாட்டா வேறெதுவுமா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

கராஜின் முன்பக்கம் முழுவதும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர். யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களின் ஆயுள் கெட்டி. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் இல்லாமல், காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் இவை. இன்றைக்குக் கலியாண ஊர்வலத்துக்குப் பூக்கட்டி ஓடுகின்றன. நான் போன நேரம் ஒரு ஏ40இன் கதவின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து வைத்திருந்தார் மாமா. வெளியால் பார்த்தால் பெயின்றில் இரண்டு கொப்புளம். திருப்பிப் பார்த்தால் உள்ளே தகடே இல்லை, மண்ணிறத் தூள்தான்.

"கறள் வெளியிலை இருந்து வாறதில்லைத் தம்பி. தண்ணி உள்ளுக்கை போய் நிக்கும், போக வழி இருக்காது, அங்கை இருந்துதான் தின்னத் தொடங்கும். வெளியிலை கொப்புளம் தெரியேக்கை கதை முடிஞ்சுது."

பின்னறைக்குள் நடப்பதெல்லாம் இந்த அறிவை வைத்துத்தான் நடக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மருமகனுக்கு இந்தப் பழக்கம் கனடாவில் இருக்கிற பெரியப்பா ஒருவரால் வந்தது. ஊருக்கு வந்தபோது பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த முதற்பொருள் ஜப்பானின் தமியா நிறுவனத்தின் ரி-55ஏ, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு. உண்மைத் தாங்கியின் உடல் ஆறரை மீற்றருக்குக் கிட்ட நீளம், முப்பத்தாறு தொன் நிறை. மாதிரியின் உடல் 18 சென்ரிமீற்றர் சொச்சம், அகலம் ஒன்பது சொச்சம். எண்பத்தொரு சென்ரிமீற்றர்ச் சில்லு 23 மில்லிமீற்றராகிறது. சராசரி ஆள் ஒருவர் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தில் பக்கத்தில் நிற்கலாம்.

இந்த முப்பத்தைந்து என்ற கணக்குக்குப் பின்னால் பெரிய யோசனை ஒன்றும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஷிசுவோகா நகரத்தில் தமியாக்காரர் ஜெர்மனியின் பந்தர் தாங்கியை மோட்டர் வைத்து ஓடுகிற பொம்மையாகச் செய்தார்கள். உள்ளே பற்றறி வைக்க எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவு அகலத்துக்கு உடலைச் செய்தார்கள். பிறகு அளந்து பார்த்தால் கிட்டத்தட்ட முப்பத்தைந்தில் ஒன்று. அதுவே உலகம் முழுவதும் கவச வாகன மாதிரிகளுக்கு அளவாகிப்போனது. மருமகன் இதைச் சொன்னபோது மாமா தலையாட்டினார். பற்றறி தடைப்பட்டிருந்த காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஆள் அவர். பற்றறிதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்றால் அவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பெட்டியைத் திறந்தால் பிளாஸ்ரிக் சட்டங்களில் துண்டுகள் தொங்கும். வெட்டி, ஓரத்தை அரத்தால் தட்டி, மெல்லிய பசையைத் தூரிகையால் தொட்டு விளிம்பில் வைத்தால் அது இடுக்குக்குள் தானாக ஓடிப் பிளாஸ்ரிக்கைக் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிவிடும். ஒட்டுவது என்பதைவிட வெல்டிங் என்பதே பொருந்தும். இந்த வேலையைப் பற்றி நீட்டி எழுத எனக்கு ஆர்வமில்லை. பொறுமையும் நல்ல வெளிச்சமும் இருந்தால் யாரும் செய்யலாம். இரண்டு இடங்களில் மட்டும் மருமகனின் கை தெரிகிறது.

ஒன்று கோபுரம். இலங்கை 1991இல் செக்கோசிலோவாக்கியாவிடம் வாங்கியது ரி-55ஏஎம்2 என்ற பின்வந்த வகை. அதற்குக் கோபுரத்தின் முன்புறம், பீரங்கிக்கு இரண்டு பக்கமும், வளைந்த கன்னங்களாய்க் கூடுதல் கவசம் உண்டு. உருக்குப் பெட்டிக்குள் உருக்குத் தகடுகளை அடுக்கி இடையில் பொலியூரதேன் நிரப்பியது. பெட்டியில் வந்தது பழைய வகை, கன்னம் இல்லாதது. குழாய் ஒட்டுக்குக் கடையில் விற்கிற எப்பொக்சிக் களியைப் பிசைந்து, கோபுரத்தில் அப்பி, காயமுன் வெட்டி, அந்தக் கன்னங்களை இவர் செய்திருக்கிறார். வார்ப்பு உருக்கின் சொரசொரப்பு வரவேண்டுமென்று பசையைத் தடவி, அது இளகி இருக்கும்போதே மயிர் உதிர்ந்த பழைய தூரிகையால் குத்திக் குத்தி எடுத்திருக்கிறார்.

மற்றது சங்கிலி. ரி-55க்கு மேற்பக்கம் சங்கிலியைத் தாங்குகிற சிறு உருளைகள் கிடையாது. அதனால் பின்சில்லிலிருந்து முன்சில்லுக்குப் போகிற சங்கிலி, கொடியில் போட்ட ஈரச் சீலையாய்த் தொய்ந்து, இடையில் உள்ள சில்லுகளில் படுத்துக்கொண்டு போகும். பெட்டியில் வந்த சங்கிலி ரப்பர்ப்பட்டி மாதிரி ஒன்று, விறைத்து நேரே நிற்கும், தொய்யாது. மீன்பிடித் தங்கூசி நூலால் அதைச் சில்லுகளின் அச்சோடு இழுத்துக் கட்டியிருக்கிறார். முடிச்சு வெளியே தெரியவில்லை. தேடித்தான் பார்த்தேன்.

சிக்கல் பெயின்றில் வந்தது. பெரியப்பா பெட்டியைக் கொண்டுவரலாம், பெயின்றைக் கொண்டுவர முடியாது. தீப்பற்றும் திரவத்தையும் அமுக்க டின்னையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். மாதிரிக்கென்றே செய்த பெயின்ற் நெல்லியடிக் கடைகளில் தேடினாலும் கிடையாது. மாமாவிடம் இருந்தது கார் பெயின்ற், நைற்றோசெலுலோஸ் வகை. அதைக் கரைக்கிற தின்னர் பொலிஸ்ரைறீனைத் தின்றுவிடும். காருக்கு அடிக்கிறமாதிரி ஈரமாக அடித்தால் தாங்கியின் முகம் உருகி வழியும்.

மாமா சொன்ன வழி அவருடைய தொழிலில் குற்றமாகக் கருதப்படுகிற ஒன்று. காருக்குப் பெயின்ற் அடிக்கும்போது துப்பாக்கியைத் தூரத்தில் பிடித்தால், துளிகள் காற்றிலேயே அரைவாசி காய்ந்து தகட்டில் விழும். மேற்பரப்பு மினுங்காது, கையால் தடவினால் மாக்கோலம் தொட்டதுபோல் சொரசொரக்கும். அப்படி அடித்த வேலைக்காரனை முதலாளி திட்டுவார். இங்கே வேண்டியது அதுதான். காய்ந்து விழுகிற துளியில் பிளாஸ்ரிக்கைத் தின்னத் தின்னர் மிச்சமிருக்காது. தாங்கியும் மினுங்கக் கூடாது. கதவுக் கீறல்களுக்குப் பயன்படுத்துகிற சின்னத் துப்பாக்கியை எடுத்து, பழைய குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றிய கொம்பிறெசரில் பூட்டி, புகைபோல மெல்லிய படை படையாக அடித்தார்கள். நாலு படை போன பிறகுதான் சாம்பல் நிறம் ஒழுங்காக மூடியது.

"முப்பது வருசமாய் இப்பிடி அடிக்காதை எண்டு பெடியளுக்குச் சொல்லிக் குடுத்தனான். இப்ப நானே அடிக்கிறன்" என்றார் மாமா. அவருக்கு அதில் ஒரு சந்தோசம் இருந்தது.

இனித்தான் விசயம். தாங்கி மாதிரி செய்கிறவர்களிடம் கேட்டால், கட்டுவதும் பெயின்ற் அடிப்பதும் பாதிதான் என்பார்கள். மீதிப் பாதி அதைப் பழசாக்குவது. 1970கள், 80களில் பெல்ஜியத்தைச் சேர்ந்த பிரான்சுவா வெர்லிண்டன் இதைப் பரவலாக்கினார். கறுப்பும் மண்ணிறமும் கலந்து தண்ணீராய்க் கரைத்த பெயின்றை ஓட விட்டு இடுக்குகளை இருளாக்குவது, தூரிகையில் பெயின்றைத் துடைத்தெடுத்து மிச்சத்தால் விளிம்புகளை மட்டும் உரசி வெளிச்சமாக்குவது. பின்னால் ஸ்பானியர்கள் வந்தார்கள். எண்ணெய் வர்ணத்தைப் புள்ளி புள்ளியாக வைத்து இழுப்பது, நிறத்தூளை அப்புவது, மேல் பெயின்றைச் சுரண்டி அடியில் இருக்கிற கறளைக் காட்டுவது என்று அதை ஒரு தனிக் கலையாகவே ஆக்கிவிட்டார்கள். மருமகன் தன் கைப்பேசியில் நிறையப் படங்கள் காட்டினார். அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் எனக்கு அலுத்தது. தொழிற்சாலையை விட்டு வந்து ஒரு வருடம் தாண்டாத வாகனத்தில்கூட ஒரு தலைமுறைக் கறள். எல்லாத் தாங்கியும் ஒரே சேற்றுக்குள் விழுந்து எழும்பியிருந்தன. அந்தச் சேறு எந்த ஊர்ச் சேறு என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

மருமகன் செய்ய விரும்பியது ஓடுகிற தாங்கியை அல்ல. 2002இல் ஏ9 பாதை திறந்தபோது அம்மாவோடு பஸ்ஸில் வவுனியாவுக்குப் போயிருக்கிறார், அப்போது சின்னப் பிள்ளை. ஆனையிறவுப் பக்கம் வெளியில் கறளேறிக் கிடந்த ஏதோ ஒன்று யன்னலால் தெரிந்தது. தாங்கிதானா, வேறு வாகனமா என்று அவருக்கே இப்போது நிச்சயமில்லை. நிறம் மட்டும் நிற்கிறது. 1991இலும் 2000இலும் பெரும் சண்டை நடந்த இடம் அது. 1993 நவம்பரில் பூநகரி முகாம் தாக்கப்பட்டபோது ரி-55களைப் புலிகள் கைப்பற்றியதால், இந்த வகைத் தாங்கி இரண்டு தரப்பிடமும் இருந்தது. எந்தத் தரப்பினுடையதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். பெட்டியோடு வந்த இலக்கங்களையும் சின்னங்களையும் அவர் ஒட்டவேயில்லை. "கறள் பிடிச்ச பிறகு இலக்கம் ஆருக்குத் தெரியப்போகுது அண்ணை" என்றார்.

முதலில் அவர் எரிந்த தாங்கியாகத்தான் செய்யத் தொடங்கியிருக்கிறார். உடல் முழுக்கச் செம்மஞ்சள் கறள், கோபுரத்தில் கரி. மாமா வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: சில்லில் ரப்பர் ஏன் இருக்கு?

எரிந்த வாகனத்தில் ரப்பர் மிஞ்சாது. ரி-55இன் சில்லைச் சுற்றித் தடித்த ரப்பர் வளையம் உண்டு. அது எரிந்தால் சில்லு சிறுத்துவிடும், தாங்கி அவ்வளவுக்குக் கீழே இறங்கும். அதோடு தாங்கியைத் தாங்குவது முறுக்கும் உருக்குத் தண்டுகள். சூடேறினால் அவற்றின் விறைப்புப் போய், அந்தப் பக்கம் இன்னும் பதியும். முழுதும் எரிந்த தாங்கி வயிறு நிலத்தில் முட்டக் கிடக்கும். எரிந்த லொறிகளைத் தூக்கி வந்து செசியை மட்டும் மீட்டுக் கொடுத்த ஆளுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை.

கடைசியில் சமரசம் ஒன்று வந்தது. பின்பக்கம் மட்டும் எரிந்தது, அங்கேதான் எஞ்சின். கடைசி இரண்டு சில்லுகளின் ரப்பரை மருமகன் பிளேட்டால் சீவி எடுத்தார். அந்த அச்சுகளை அறுத்துத் திருப்பிச் சற்று உயர்த்தி ஒட்டினார். தாங்கி பின்னால் குந்திக்கொண்டது, அதோடு இடப்பக்கம் கொஞ்சம் சரிந்தது. மீதி உடல் எரியவில்லை. அது அங்கேயே வெய்யிலுக்கும் மழைக்கும் வருடக்கணக்கில் நின்ற தாங்கி.

இந்த இடத்தில் மாமா ஒரு பாடமே நடத்தினார். நான் குறிப்பெடுத்ததை அப்படியே தருகிறேன்.

"ஓடுற வாகனத்துக்கு வேறை கறள், நிக்கிற வாகனத்துக்கு வேறை கறள். ஓடுறது கல்லடிச்சுப் பெயின்ற் போற இடத்திலை பிடிக்கும், முன்னுக்கும் கீழுக்கும். ஓட்டத்திலை காய்ஞ்சும் போகும். நிக்கிறது அப்பிடியில்லை. தண்ணி எங்கை தங்குதோ அங்கை. இலை சருகு எங்கை சேருதோ அங்கை. தொண்ணூற்றைஞ்சிலை சனம் வலிகாமத்தாலை எழும்பேக்கை விட்டிட்டுப் போன கார் எத்தினை நான் பாத்தனான். கூரை நல்லாய் இருக்கும், மினுங்கும். மிதிக்கிற பலகைக்குக் கீழை கைவிட்டால் கை மற்றப்பக்கத்தாலை வரும்."

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வையும், 1990 முதல் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட வலிகாமம் வடக்கு வீடுகளையும் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. கார்க் கொட்டிலுக்குள் விடப்பட்ட வாகனங்களுக்கு என்ன நடந்தது என்பதை ரிங்கர்மாரிடம்தான் கேட்க வேண்டும். எந்த வாகனம் எத்தனை மாரி நின்றது என்பதைக் கறளின் ஆழத்தை வைத்து மாமா சொல்லிவிடுவார் என்றார் மருமகன். மாமா மறுக்கவில்லை.

இந்தக் கணக்கைத் தாங்கிக்குப் போட்டார்கள். கோபுரமும் முன்தகடும் தடித்த உருக்கு. நூறு மாரி நின்றாலும் அதில் மேலால் ஒரு மெல்லிய கருமண்ணிறம்தான் படியும், ஓட்டை விழாது. சங்கிலிக்கு மேலால் ஓடுகிற மட்காட் மெல்லிய தகடு. முதலில் உளுத்துப்போவது அதுதான். வலப்பக்க மட்காட்டில் உள்ள எண்ணெய்த் தாங்கிகளும் இடப்பக்கத்துச் சாமான் பெட்டிகளும் அடியால் தின்னப்படும். சைலன்சர் இடப்பக்கம் வெளியே வருகிறது. அந்தச் சூட்டில் பெயின்ற் எப்போதுமே நிற்காது, அங்கே கறள் ஆகப் பழையது. மருமகன் மட்காட்டைப் பின்பக்கத்தால் சீவி, வெளிச்சத்தில் பிடித்தால் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்கி, சில இடங்களில் ஓட்டை விழ விட்டிருக்கிறார்.

சங்கிலியின் முகப்பையும் பின்சில்லின் பல்லையும் 6பி பென்சிலால் தேய்த்து இரும்பு மினுக்கம் வரப்பண்ணுவது இந்தக் கலையின் பழைய வித்தை. அவரும் தேய்த்திருந்தார். நிலத்தில் உரசி ஓடுகிற சங்கிலிதான் மினுங்கும். "ஓடாத தாங்கிக்கு என்னத்துக்கு மினுக்கம்?" என்று மாமா கேட்க, அதன்மேல் மண்ணிறம் பூசி அணைத்தாயிற்று. அழகாக வந்த ஒன்றை அழிக்க மனம் வரவில்லை என்று மருமகன் சொன்னார். முகத்தில் அது இன்னும் தெரிந்தது.

கறளுக்கு மேலே பச்சை நின்று உரிந்த தோற்றத்துக்கு உப்பு. முதலில் உடல் முழுவதும் கறள் நிறம் அடித்துக் காயவிட்டு, தண்ணீர் தெளித்து, உப்பைத் தூவி, ஈரம் போனதும் பச்சையை அடிக்கிறார்கள். பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் உப்பு கழன்று வரும், அந்த இடத்தில் அடியிலிருந்த கறள் ஒழுங்கில்லாமல் வெளிப்படும். கையால் வரைந்தால் அந்த ஒழுங்கின்மை வராது, மனிதக் கை தன்னை அறியாமலே வரிசைப்படுத்திவிடும். ஆனால் அளவு இடிக்கும். ஒரு மில்லிமீற்றர் உப்புக்கல் இந்த மாதிரியில் மூன்றரைச் சென்ரிமீற்றர் உரிவு. அதனால் உப்பை அரைக்க வேண்டியிருந்தது. ஆனையிறவு உப்புத்தான் என்று கொஞ்சம் பெருமையோடு சொன்னார் மருமகன். கடை உப்பிலும் இதே வேலை நடக்கும் என்பது என் எண்ணம். சொல்லவில்லை.

மண்ணில்தான் எனக்கு மிகவும் பிடித்த விவாதம் நடந்தது. யாழ்ப்பாணத்து மண் என்றால் செம்பாடு என்று மருமகன் உரும்பிராயிலிருந்து ஒரு பை செம்மண் கொண்டுவந்திருந்தார். குங்குமம் மாதிரி நுண்ணிய மண், துணியில் அரித்தால் மாதிரிக்கு அச்சாவாகப் பொருந்தும். ஆனால் ஆனையிறவில் செம்பாடு ஏது? அங்கே உப்பேறிய சாம்பல் வெளி. காய்ந்தால் வெள்ளை பூக்கும், நனைந்தால் கறுக்கும். அதே சாதி மண் கிட்ட இருக்கிற இடம் வல்லை வெளி. நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகிற வழியில், தொண்டைமானாறு வாவியின் காற்று குறுக்கால் அடித்து ஹெல்மெற்றைக் கழற்றப் பார்க்கிற இடம். அங்கிருந்து மண் வந்தது. மணல் ஆகாது. அரை மில்லிமீற்றர் மணற்குருணி இந்த அளவில் பதினேழு மில்லிமீற்றர்க் கல், தாங்கி முழுக்கச் சல்லி கொட்டினமாதிரி ஆகிவிடும். பழைய வேட்டித் துண்டில் அரித்து, விழுந்த தூளை மட்டும் எடுத்தார்கள்.

அப்போதும் முடியவில்லை. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அப்படியே அப்பினால் மாரி காலத்தில் மாதிரியின் சேறு தானாகவே நனைந்து கறுத்துவிடும் என்றார் மாமா. உண்மைத் தாங்கியிலும் அதுதானே நடக்கும் என்று கேட்டேன். "அது நடக்கும். ஆனால் அதுக்குக் கீழை பெயின்ற் கொப்புளிக்கும். உது பெடியன்ரை காசு." மண்ணை வாளியில் கரைத்து, தெளியவிட்டு, தண்ணீரை ஊற்றி, திரும்பத் திரும்பக் கழுவி உப்பைப் போக்கினார்கள். வெள்ளைப் பூப்பைப் பிறகு எண்ணெய் வர்ணத்தால் கையாலேயே வைத்தார் மருமகன். யாழ்ப்பாண நகரத்துப் புத்தகக் கடையில் வாங்கின ரியூப், கரைக்கத் தேப்பந்தைலம். தைலம் அடியிலிருக்கிற கார் பெயின்றைக் கரைக்காது, அதனால் பிழைத்தால் துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். இவர்கள் கையில் அகப்பட்ட பொருட்களுக்குள் இந்த ஒழுங்கு தற்செயலாய் அமைந்துவிட்டது.

மழை வழிந்த கறள் கோடுகளை வைக்கும் நாள் நான் பக்கத்தில் இருந்தேன். போல்ற், கீல், கொக்கி என்று ஒவ்வொன்றின் கீழும் ஒரு புள்ளி கறள்நிறம் வைத்து, தைலத்தில் தோய்த்த தூரிகையால் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். மருமகன் உடலின் விளிம்புக்குச் சமாந்தரமாக இழுத்துக்கொண்டு வந்தார். மாமா ஏ40 கதவை விட்டுவிட்டு வந்தார், கையில் மேசனின் நீர்மட்டம். தாங்கி பின்னாலும் இடப்பக்கமும் சரிந்தல்லவா நிற்கிறது? தண்ணீர் தாங்கியைப் பார்த்து வழியாது, பூமியைப் பார்த்துத்தான் வழியும். அன்று வைத்த கோடுகளை எல்லாம் துடைத்து, மாதிரியை அதே சரிவில் கட்டை வைத்து நிறுத்தி, நீர்மட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, உடலுக்குக் குறுக்காகச் சாய்வாக இழுத்தார். இடப்பக்க மூலையில் தண்ணீர் தேங்குவதால் அங்கே கூடக் கறள், வலப்பக்கம் குறைவு. பச்சை வலப்பக்கத்தில்தான் மிஞ்சியிருக்கிறது. அதுவும் வெய்யிலில் வெளிறி, சோப்புக்கட்டி நிறமாகி.

முடிந்து பார்த்தபோது அந்தச் சாய்வான கோடுகள்தான் கண்ணில் நின்றன. கைப்பேசிப் படங்களில் பார்த்த அத்தனை தாங்கிகளையும்விட இதில் கறள் குறைவு. ஆனால் இது ஒரு இடத்தில் நிற்கிறது. இறங்கி நடந்தால் எந்தப் பக்கம் உப்பளம், எந்தப் பக்கம் றோட்டு என்று சொல்லிவிடலாம். அந்தத் திறமை மருமகனுடைய கையில் பாதி, கார்க் கதவு வெட்டுகிறவருடைய கண்ணில் பாதி. இதைப் போட்டிக்கு அனுப்பினால் நடுவர்களுக்குச் சாய்ந்த கோடு விளங்குமோ தெரியாது.

வீட்டில் இதற்கு இடம் கிடைப்பது லேசாக இருக்கவில்லை. மாமாவின் தாய், மருமகனுக்கு அம்மம்மா, எண்பதைக் கடந்தவர். கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கப் போனபோது வழிமறித்திருக்கிறார். "சாமியறைச் சுவரிலை முட்டிக்கொண்டு உது நிக்கக்கூடாது." பெட்டியில் தாங்கிக்குள் நிற்க ஒரு ஆள் உருவமும் வந்திருந்தது, அதை இவர் ஒட்டவில்லை. உள்ளே ஆள் இல்லை அம்மம்மா, சும்மா கிடக்கிற தாங்கி என்று விளக்கிப் பார்த்தார். "ஆள் எங்கை போனது?" என்று கிழவி கேட்க, இவரிடம் மறுமொழி இல்லை. இப்போது அது கராஜின் பின்னறையில், தின்னர்க் கலன்களுக்கு மேல்தட்டில் இருக்கிறது. அதனடியில் வல்லை மண், அதில் சாயம் ஏற்றிய புல்வேரால் செய்த உமரிச் செடிகள்.

அடுத்த வேலை தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆனையிறவில் ஏ9 ஓரமாக மேடை கட்டி வைத்திருக்கிற கவச புல்டோசர். 1991 யூலையில் முகாமை உடைக்கப் புலிகள் ஒரு புல்டோசரைச் சுற்றி இரும்புத் தகடு அடித்து அனுப்பினார்கள். இராணுவத்தின் லான்ஸ் கோப்ரல் காமினி குலரத்ன கைக்குண்டுகளோடு அதில் ஏறி, அதை நிறுத்தித் தானும் இறந்தார். இராணுவம் புல்டோசரையும் அவரையும் நினைவுச்சின்னமாக்கியிருக்கிறது. தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் அங்கே நிற்கும், சனம் இறங்கிப் படம் எடுக்கும். எங்கள் ஆட்களும் எடுப்பார்கள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். இதற்குப் பெட்டி கிடையாது. எல்லாம் பிளாஸ்ரிக் தாளில் வெட்டியே செய்ய வேண்டும். மருமகன் உல்லாசப் பயணிகளோடு நின்று எடுத்த படங்களை வைத்து அளவு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தகடு சேரும் இடங்களில் வெல்டிங் தழும்புக்குப் பிளாஸ்ரிக் கம்பியை உருக்கி, ஊசியால் சமதூரத்தில் அமுக்கிச் செய்த ஒரு மாதிரித் துண்டைக் காட்டினார். மிக நேர்த்தி.

மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உது கப்பல் கட்டுற இடத்து வெல்டிங். அது அப்பிடி இருக்காது. ஜெனறேற்றர் மண்ணெண்ணெயிலை ஓடும், கறண்ட் ஏறி இறங்கும். றொட் ஒட்டும், விடும். பொழுது விடியமுன்னம் முடிக்கவேணும். விட்டு விட்டுத்தான் இருக்கும், ஒரு இடத்திலை மொத்தமாய், மற்ற இடத்திலை பிடிக்காமல்."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, மருமகனும் கேட்கவில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வெல்டிங் தெரிந்த ஒருவர் எப்படி வேலை செய்திருப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தத் துண்டை ஓரமாக வைத்துவிட்டு மருமகன் புதிதாக ஒரு கம்பியை உருக்கத் தொடங்கினார். நாலைந்து அமுக்கு அமுக்கியதும் கை தானாகவே சமதூரத்துக்கு வந்துவிட்டது. "இடது கையாலை செய்" என்றார் மாமா. ஏ40காரர் வந்து வெளியில் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார், வெள்ளிக்கிழமை கலியாணம், கதவு இன்னும் பூட்டவில்லை.